நாற்பதில் முப்பத்தொன்று

வோட்டேயிலிருந்து மட்டாத்து வண்டியில் வந்த சாக்கில்
நாற்பது மாங்காய்கள்.
ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.
சியோகாவ் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து,
பால் வழியாதபடி
காம்பு ஒரு விரல்கடை விட்டு அறுத்திருந்தாள்.
சோதனைக்கு என்றால் நல்லதைத்தான் அனுப்பவேண்டும் என்று
யாராவது சொல்லியிருப்பார்கள்.
இல்லை, அவளாகவே நினைத்திருப்பாள்.

நான் அவற்றை உறையவைத்தேன்,
ஓர் இரவு முழுக்க,
மச்சாகோஸ் ஆய்வுக்கூடத்துப் பெட்டியில்,
வைக்கக்கூடாத இடத்தில் கிதோமே வைத்திருந்த
கேக்கை வெளியே எடுத்துவிட்டு.

உயிருள்ள காய் வாய் திறப்பதில்லை.
அதன் தோலில் ஒரு துவர்ப்பு காவல் நிற்கிறது.
அது நிற்கும்வரை
பூஞ்சை ஒரு கரிய குமிழை ஊன்றிக்கொண்டு
சும்மா கிடக்கும்.
ஜூலை மூட்டத்தில் பூவுக்கு வந்தது
வடுவில் கிடந்தது
பிஞ்சில் கிடந்தது
காயில் கிடந்தது
செங்காயில் லேசாகப் புரண்டது.
இனிப்பு ஏறும் அன்றுதான்
அதற்கும் பசி.
செம்புக் கரைசலை அவள் மூன்று முறை தெளித்தாள்;
நான்காவது முறைக்கு முன் மழை முந்திக்கொண்டது.

உறைந்து செத்த காயோ
கனியும்வரை காத்திருப்பதில்லை.
ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தேன்.
கரித்துண்டால் அழுத்தி வரைந்ததுபோல் வட்டங்கள்,
வட்டத்துக்குள் பிசுபிசுத்த துளிகள்.
மொம்பாசாவில் படித்தபோது
கையில் காசிருந்த மாலைகளில் வாங்கித் தின்ற
வெந்த இறாலின் நிறம்.
ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து
நுண்ணோக்கிக்குள் குனிந்தேன்:
நுனி மழுங்கிய அரிசி,
மூட்டை மூட்டையாக.

எண்ணினேன். முப்பத்தொன்று.
தேநீர் குடித்துவிட்டு வந்து எண்ணினேன்.
முப்பத்தொன்று, ஒன்று சந்தேகம்.

கொலெட்டோட்ரைக்கம்தான்;
அதில் எந்த இனம் என்பதை
நைரோபியில் மரபணுவைப் படித்துச் சொல்வார்கள்.
மூன்று வாரம் ஆகும்.
தரகன் முலெய் வியாழக்கிழமை வருகிறான்.

போனில் சொன்னேன்.
"எல்லாம் பச்சையாகத்தானே இருந்தன" என்றாள்.
ஆமாம் என்றேன்.
"மரத்தில் இருப்பவை?"
அவையும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.
"இருக்கும் என்றால்? எது, எது?"
அதைத் தெரிந்துகொள்ள
அவற்றையும் உறையவைக்கவேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் ஒரு கோழியின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு சிரித்தாள்.
"அப்படியானால்
தெரிந்துகொண்ட காயை விற்கமுடியாது,
விற்கிற காயைத் தெரிந்துகொள்ளமுடியாது.
இதற்காகவா இத்தனை வருஷம் படித்தாய்?"

வெந்நீர் பற்றிச் சொன்னேன்:
ஐம்பத்திரண்டு டிகிரி, ஐந்து நிமிடம்.
கூடினால் தோல் வெந்துவிடும்,
குறைந்தால் பூஞ்சைக்கு அது வெறும் குளியல்.
கூடத்தின் வெப்பமானியைச் சாக்குக்குள் சுற்றி
அதே மட்டாத்துவில் அனுப்பினேன்.
பதிவேட்டில் 'உடைந்தது' என்று எழுதினேன்.

அது போய்ச் சேர்ந்த நாள் புதன்.
முலெய் செவ்வாயே வந்து
காய்க்கு எட்டு ஷில்லிங் பேசி
தோட்டத்தைக் காலி செய்திருந்தான்.
அந்தப் பெட்டிகள் இப்போது எந்தக் கடலில்,
எந்த வெயிலில் மஞ்சளாகின்றனவோ.
நான் கண்டுபிடித்தது
அவற்றுக்கு முன்னால் போய்ச் சேராது.

எப்படியோ பன்னிரண்டை மறைத்துவைத்திருக்கிறாள்.
ஆறைக் குளிப்பாட்டினாள்,
ஆறை அப்படியே விட்டாள்.
ஒப்பிட ஒரு வரிசை வேண்டும் என்று
நான் சொல்லவேயில்லை.

ஒன்பதாம் நாள் படம் அனுப்பினாள்.
தகரத்தின் மேல் இரண்டு வரிசை,
விரிசல் விட்ட கேமராவில் எல்லாமே புள்ளி.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து
"பதினொன்றுதானே இருக்கிறது?" என்று கேட்டேன்.
"ஒன்று நன்றாகக் கனிந்திருந்தது. தின்றுவிட்டேன்."

"குளித்ததா, குளிக்காததா?"

"இனித்தது" என்றாள்.